பொடி எழுத்தில் ஒரு நன்றி: சமூக அறிவியல் ஆய்வும் தனியார் அறக்கட்டளைப் பணமும்

சமூக அறிவியல் ஆய்வுக் கட்டுரை ஒன்று கையில் கிடைத்தால் முதல் பக்கத்தின் அடியைப் பாருங்கள். பல நேரம் பொடி எழுத்தில் ஒரு வரி கிடக்கும்: "இந்த ஆய்வுக்கு இன்ன அறக்கட்டளை நல்கை வழங்கியது. இதிலுள்ள கருத்துகள் ஆசிரியருடையவை மட்டுமே." மாணவனாக இருந்தவரை நான் அந்த வரியைக் கண்டுகொண்டதே இல்லை. பிறகு நானே நல்கை, அதாவது ஆய்வுக்கான உதவிப்பணம், கேட்டு எழுதி, இரண்டு முறை கையைச் சுட்டுக்கொண்டேன். கட்டுரையிலேயே சுவாரசியமான வரி சில நேரம் அதுதான் என்று அப்போதுதான் புரிந்தது.

இந்தப் பக்கம் புதிதாக வருபவர்களுக்கு முதலில் ஒரு சந்தேகம் எழும். வேதியியலுக்கு ஆய்வகம் வேண்டும், இயற்பியலுக்கு இயந்திரம் வேண்டும். மனிதர்களைப் பற்றி ஆராய என்ன பெரிய செலவு? பேனாவும் நோட்டும் போதாதா? போதாது. ஆயிரம் வீடுகளில் கேள்வி கேட்கப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கேட்க ஆள் வேண்டும். அவர்களுக்குப் பயிற்சி, சம்பளம், பயணப்படி எல்லாம் வேண்டும். பூட்டியிருக்கும் வீட்டுக்கு இன்னொரு நாள் போக வேண்டும்; அன்றும் பூட்டியிருந்தால் மூன்றாவது நடை. திறந்திருந்த வீடுகளில் மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பினால், பகலில் வீட்டில் இருப்பவர்களின் கருத்துதான் ஊரின் கருத்தாகத் தாளில் ஏறும். வேலைக்குப் போனவர்கள் கணக்கிலேயே வரமாட்டார்கள். ஆய்வின் தரம் அந்த மூன்றாவது நடையில்தான் இருக்கிறது. பட்ஜெட் குறையும்போது முதலில் வெட்டு விழுவதும் அதற்குத்தான்.

பல்கலைக்கழகங்களில் நடக்கும் ஆராய்ச்சிக்கான பணத்தில் பெரும் பங்கு அரசிடமிருந்து வருகிறது. பல்கலைக்கழகங்கள் தங்கள் பங்குக்குக் கொஞ்சம் போடும். கம்பெனிகள் தமக்குத் தேவையானதை ஆராயச் சொல்லித் தரும். நான்காவது வாசல்தான் தனியார் அறக்கட்டளை. தொகையில் அது அரசுக்குப் பக்கத்தில்கூட நிற்க முடியாது. ஆனால் அரசுப் பணத்துக்கு ஒரு சங்கடம் உண்டு. அது வரிப்பணம் என்பதால் யாரும் கணக்குக் கேட்கலாம், கேலியும் செய்யலாம். 1975இல் அமெரிக்க செனட்டர் வில்லியம் பிராக்ஸ்மயர், பொதுப்பணத்தை வீணடிப்பவர்களுக்கென்று மாதாமாதம் ஒரு கேலி விருது அறிவிக்கத் தொடங்கினார். முதல் விருதை வாங்கியது அந்நாட்டின் நேஷனல் சயின்ஸ் ஃபவுண்டேஷன். பெயரில் ஃபவுண்டேஷன் இருந்தாலும் அது அரசு அமைப்பு. ஆரம்பத்தில் எல்லோரும் குழம்பும் இடம் இது. மனிதர்கள் ஏன் காதலில் விழுகிறார்கள் என்று ஆராய 84,000 டாலர் தந்ததுதான் அது செய்த குற்றம். காதல் ஆராய வேண்டிய விஷயம்தான் என்பது என் கட்சி. ஆனால் இப்படி ஒரு முறை சந்தி சிரித்துவிட்டால், அடுத்த கோப்பில் கையெழுத்துப் போடும் அதிகாரிக்குக் கை நடுங்கத்தானே செய்யும்?

அறக்கட்டளைக்கு அந்த நடுக்கம் கிடையாது. அதற்கு வாக்காளர் இல்லை, வாடிக்கையாளரும் இல்லை. அதன் பலமும் அதுதான், அதைச் சந்தேகிக்க வேண்டிய காரணமும் அதுதான்.

பணம் எங்கே இருக்கிறது?

தனியார் அறக்கட்டளையை உண்டியல் குலுக்கும் தொண்டு நிறுவனத்தோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம். ஒரு பணக்காரரோ ஒரு குடும்பமோ பெரும் தொகையை ஒரே இடத்தில் ஒதுக்கி வைக்கிறது. அதற்கு மூலநிதி என்று பெயர். அது பங்குகளிலும் பத்திரங்களிலும் முதலீடாக இருக்கும். பெரும்பாலான அறக்கட்டளைகள் மூலநிதியில் கைவைக்காமல் வருமானத்திலிருந்து ஆண்டுதோறும் செலவு செய்யும். எதற்குச் செலவு என்பதை அறங்காவலர் குழு முடிவு செய்யும்.

அமெரிக்கச் சட்டம் இதற்கு ஓர் அளவு வைத்திருக்கிறது. அறக்கட்டளைகள் மீது எழுந்த புகார்களுக்குப் பிறகு 1969இல் வரிச் சட்டம் திருத்தப்பட்டது. இன்றுள்ள விதிப்படி, முதலீட்டுச் சொத்தின் மதிப்பில் சுமார் 5 சதவீதத்தை ஒவ்வோர் ஆண்டும் அறப்பணிக்குக் கொடுத்தாக வேண்டும். 100 கோடி டாலர் மூலநிதி இருந்தால் ஆண்டுக்கு 5 கோடி. அலுவலகச் செலவில் ஒரு பகுதியையும் இந்த 5 சதவீதத்துக்குள்ளேயே காட்டிக்கொள்ளலாம் என்பது கூடுதல் செய்தி. பணம் போட்டவர்களோடும் அவர்கள் குடும்பத்தாரோடும் கொடுக்கல் வாங்கல் கூடாது, தேர்தலில் தலையிடக் கூடாது என்றும் அதே சட்டம் சொல்கிறது. பதிலுக்கு அறக்கட்டளைக்குப் பெரும் வரிச்சலுகை கிடைக்கிறது. ஆகவே "எங்கள் பணம், எங்கள் இஷ்டம்" என்று ஓர் அறக்கட்டளை சொன்னால் அது பாதி உண்மைதான். வரியாகப் போயிருக்க வேண்டிய ஒரு பங்கும் அதற்குள் இருக்கிறது.

யாருக்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்பதை அங்குள்ள தனியார் அறக்கட்டளைகள் ஆண்டு வரிப் படிவத்தில் எழுதித் தர வேண்டும். அந்தப் படிவத்தை யாரும் எடுத்துப் படிக்கலாம். எல்லா நாட்டிலும் இப்படி இல்லை. இந்த வசதி இருக்கும் இடத்தில் பயன்படுத்திக்கொள்ளுங்கள். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

இரண்டு பழைய கதைகள்

ரஸ்ஸல் சேஜ் என்பவர் அமெரிக்காவின் பெரும் பணக்காரர். கருமி என்றும் பெயர் எடுத்தவர். 1906இல் அவர் இறந்ததும் அவர் மனைவி மார்கரெட் ஒலிவியா சேஜ், அடுத்த ஆண்டே ஒரு கோடி டாலர் போட்டு ஓர் அறக்கட்டளை தொடங்கினார். சமூக நிலைமைகளை ஆராய்வதற்கென்றே தொடங்கப்பட்ட முதல் அறக்கட்டளைகளில் ஒன்று அது. அது தொடக்கத்திலேயே பணம் கொடுத்த வேலை பிட்ஸ்பர்க் ஆய்வு. பிட்ஸ்பர்க் அன்றைய இரும்பு நகரம். கிரிஸ்டல் ஈஸ்ட்மன் என்ற இளம் பெண் வழக்கறிஞர் அங்கே போய், சாவு விசாரணைப் பதிவேடுகளை வைத்துக்கொண்டு, ஓராண்டில் வேலையிடத்தில் இறந்தவர்களை ஒவ்வொருவராக எண்ணினார். சுற்றுவட்டாரம் முழுக்க 526 பேர். எண்ணியதோடு நிற்காமல் அந்தக் குடும்பங்களையும் தேடிப் போனார். சம்பாதித்தவரை இழந்த வீடுகளில் பாதிக்கு மேற்பட்டவற்றுக்கு முதலாளியிடமிருந்து கிடைத்தது 100 டாலர், அல்லது அதற்கும் கீழே. ஒன்றுமே கிடைக்காத வீடுகளும் அதில் உண்டு. தொழிலாளியின் கவனக்குறைவுதான் விபத்துக்குக் காரணம் என்று அதுவரை ஓதிக்கொண்டிருந்தவர்களுக்கு 1910இல் வெளிவந்த அந்தப் புத்தகத்தைத் தாண்டிப் போவது எளிதாக இருக்கவில்லை. அடுத்த பத்தாண்டுக்குள் பெரும்பாலான அமெரிக்க மாநிலங்கள் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் கொண்டுவந்தன. ஒரே ஆய்வால் வந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் வாதாடியவர்களின் கையில் இருந்த கணக்கு இதுபோன்ற ஆய்வுகளிலிருந்து வந்தது.

அடுத்த கதை இவ்வளவு இனிமையானது அல்ல. ராக்ஃபெல்லர் அறக்கட்டளை 1913இல் தொடங்கியது. அடுத்த ஆண்டு ஏப்ரல் 20 அன்று, கொலராடோ மாநிலத்தின் லட்லோவில், வேலைநிறுத்தம் செய்த சுரங்கத் தொழிலாளர்களின் கூடாரங்கள் தாக்கப்பட்டு எரிக்கப்பட்டன. இறந்தவர்களில் இரண்டு பெண்களும் 11 குழந்தைகளும் இருந்தார்கள். அந்தப் போராட்டம் நடந்த முக்கியக் கம்பெனி ராக்ஃபெல்லர் குடும்பத்தின் கட்டுப்பாட்டில் இருந்தது. அதே ஆண்டில் அறக்கட்டளை, தொழிலாளர் உறவுகளை ஆராய ஒருவரை அமர்த்தியது. அவர் கனடாவின் முன்னாள் தொழிலாளர் அமைச்சர் மெக்கன்சி கிங். பின்னாளில் அந்நாட்டின் பிரதமரானவர். கம்பெனியும் ராக்ஃபெல்லருடையது, வேலைநிறுத்தத்தை ஆராயும் அறக்கட்டளையும் ராக்ஃபெல்லருடையது. ஃபிராங்க் வால்ஷ் தலைமையிலான அரசு விசாரணைக் குழு 1915இல் இதைப் பிடித்துக்கொண்டு கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டது. கிங் எவ்வளவு நேர்மையாக வேலை செய்திருந்தாலும் அதை யார் நம்புவார்கள்?

இந்த அடியிலிருந்துதான் இன்றைய நடைமுறை பிறந்தது என்பேன். சர்ச்சைக்குரிய விஷயங்களை நேரடியாக ஆராய்வதில்லை என்று அறக்கட்டளை ஒதுங்கிக்கொண்டது. 1920களில் ராக்ஃபெல்லர் குடும்பத்தின் இன்னொரு நிதியம், பியர்ட்ஸ்லி ரூமல் என்ற இளம் உளவியலாளரின் பொறுப்பில், சமூக அறிவியலுக்குக் கோடிக்கணக்கான டாலரைக் கொடுத்தது. ஆனால் அந்தப் பணம் சிகாகோ பல்கலைக்கழகம், லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் போன்ற இடங்கள் வழியாகப் போனது. 1923இல் தொடங்கப்பட்ட சமூக அறிவியல் ஆராய்ச்சிக் குழு என்ற அமைப்பும் அப்படி ஒரு வழிதான். பணம் கொடுப்பவருக்கும் ஆராய்பவருக்கும் நடுவே ஒரு நிறுவனத்தை நிறுத்திவிட வேண்டும். எந்த ஆய்வு, எந்த ஆய்வாளர் என்பதைத் துறை அறிந்த சக ஆய்வாளர்கள் மதிப்பிட வேண்டும். இன்று நல்கை உங்கள் பெயருக்கு வராமல் பல்கலைக்கழகக் கணக்குக்கு வருவதற்கு ஒரு காரணம் இந்தப் பழைய பழக்கம். தனிநபருக்குக் கொடுக்க வேண்டுமென்றால் தேர்வு நடைமுறைக்கு வரித்துறையிடம் முன்கூட்டியே ஒப்புதல் வாங்க வேண்டும் என்ற அமெரிக்கச் சட்டம் இன்னொரு காரணம்.

நடுவில் நிற்பவரையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பிவிட முடியாது. 1960களில் அமெரிக்க உளவுத்துறையான சிஐஏ, அறக்கட்டளைகளின் பெயரை முகமூடியாக வைத்துக்கொண்டு அறிவுஜீவி அமைப்புகளுக்கும் ஆய்வுகளுக்கும் பணம் அனுப்பியது வெளியே வந்து பெரிய ரகளையானது. பொடி எழுத்து வரியைப் படித்தால் மட்டும் போதாது, அந்தப் பெயருக்குப் பின்னால் யார் என்றும் பார்க்க வேண்டும் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

கேள்வி யாருடையது?

"பணம் கொடுத்தவருக்குச் சாதகமாகத்தானே எழுதுவார்கள்?" என்று பலர் கேட்பார்கள். நல்ல அறக்கட்டளைகளைப் பொறுத்தவரை இது பெரும்பாலும் தவறான சந்தேகம். விடையில் யாரும் கை வைப்பதில்லை. கை வைக்கத் தேவையும் இல்லை, ஏனென்றால் எந்தக் கேள்விக்குப் பணம் என்பதை அவர்கள் முன்பே முடிவு செய்துவிடுகிறார்கள்.

கார்னெகி கார்ப்பரேஷன் பெயரில் கார்ப்பரேஷன் இருந்தாலும் அது 1911இல் தொடங்கிய அறக்கட்டளை. அது பணம் கொடுத்த இரண்டு ஆய்வுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

1929 முதல் 1932 வரை தென்னாப்பிரிக்காவில் "ஏழை வெள்ளையர் பிரச்சினை" ஆராயப்பட்டது. ஐந்து தொகுதி அறிக்கை, முறையான களப்பணி. ஆனால் கேள்வியைப் பாருங்கள். கறுப்பின மக்களின் வறுமை இன்னும் கொடியதாக இருந்த நாட்டில், வெள்ளையர்களில் சிலர் ஏன் ஏழைகள் என்று மட்டும் கேட்டார்கள். அறிக்கை வெளிவந்த சில ஆண்டுகளில் இதே பிரச்சினைக்கென்று ஒரு மாநாடு கூடியது. அதில் முன்னின்றவர்களில் ஒருவர் ஹென்ட்ரிக் ஃபெர்வூர்ட். பின்னாளில் பிரதமராகி நிறவெறி ஆட்சியைக் கட்டி எழுப்பியவர் அவர். புள்ளிவிவரம் பொய் என்று யாரும் சொல்லவில்லை. யாரை எண்ணுவது, யாரை விடுவது என்பதிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. 1980களில் அதே கார்னெகி, வறுமை பற்றி இரண்டாவது விசாரணைக்குப் பணம் கொடுத்தது. இந்த முறை கறுப்பின மக்களின் வறுமைதான் மையம்.

மற்றது அமெரிக்காவில் நடந்தது. கறுப்பின மக்களின் நிலையை ஆராய 1938இல் கார்னெகி அழைத்தது ஸ்வீடன் பொருளாதார அறிஞர் குன்னார் மிர்தாலை. வெளியூர்க்காரர் என்றால் இரு தரப்பிலும் பழைய கணக்கு எதுவும் இருக்காது என்று நினைத்தார்கள். அவருக்கு உதவியவர்களில் ரால்ஃப் பன்ச் போன்ற கறுப்பின அறிஞர்களும் இருந்தார்கள். 1944இல் "ஆன் அமெரிக்கன் டைலமா" வெளிவந்தது. சமத்துவம் பேசும் நாடு அதை நடைமுறையில் மறுக்கிறது, ஆகவே இது வெள்ளையர்களின் மனச்சாட்சியில் உள்ள சிக்கல் என்பது அதன் சாரம். பத்து ஆண்டு கழித்து, பள்ளிகளில் நிறப் பிரிவினை செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, ஓர் அடிக்குறிப்பில் இந்த நூலையும் சுட்டியது. மிர்தாலின் நூலில் குறை கண்டவர்கள் உண்டு. நியாயமான குறைகளும் உண்டு. இருந்தாலும் கேள்வி இந்த முறை வேறு பக்கத்திலிருந்து கேட்கப்பட்டது.

சின்னத் தொகை

அறக்கட்டளை என்றதும் கோடிகள் கண் முன்னே வரும். எனக்குப் பிடித்த கதையோ சின்னத் தொகையைப் பற்றியது. 1980களின் தொடக்கத்தில் எரிக் வானர் என்ற உளவியலாளர் ஸ்லோன் அறக்கட்டளையில் இருந்தார். பொருளாதாரத்தையும் உளவியலையும் இணைக்க ஆசைப்பட்டு, டேனியல் கானமன் என்ற இன்னொரு உளவியலாளரிடம் யோசனை கேட்டார். இதில் நிறையப் பணத்தை நேர்மையாகச் செலவழிக்க வழியில்லை என்ற பொருளில் கானமன் பதில் சொன்னாராம். நல்கை கேட்கும் உலகத்தில் இப்படி ஒரு பதிலை நான் வேறெங்கும் கேட்டதில்லை. இந்தத் திட்டத்தைப் பின்னாளில் ரஸ்ஸல் சேஜ் அறக்கட்டளைக்குக் கொண்டுபோன வானர், இதில் கொடுத்த முதல் நல்கை, ரிச்சர்ட் தேலர் என்ற பொருளாதார அறிஞர் 1984-85 கல்வியாண்டைக் கனடாவின் வான்கூவரில் கானமனோடு கழிப்பதற்கு. ஒருவர் ஓராண்டு இன்னொருவர் பக்கத்தில் உட்கார்ந்து பேச ஆகும் செலவு, அவ்வளவுதான்.

அவர்கள் ஜாக் நெட்ச் என்ற பொருளாதார அறிஞரோடு சேர்ந்து பொதுமக்களைத் தொலைபேசியில் கூப்பிட்டுக் கேட்டார்கள். ஒரு கேள்வி இது: ஒரு கடையில் பனி அள்ளும் மண்வாரி 15 டாலருக்கு விற்கிறது. பெரும் பனிப்புயலுக்கு மறுநாள் காலை கடைக்காரர் அதை 20 டாலர் ஆக்கிவிடுகிறார். இது நியாயமா? கேட்டவர்களில் 82 சதவீதம் பேர் நியாயமில்லை என்றார்கள். தேவை கூடினால் விலை கூடும், அதில் என்ன தப்பு என்று பாடநூல் கேட்கும். பாடநூலுக்கும் மனிதர்களுக்கும் நடுவில் உள்ள இந்த இடைவெளியிலிருந்து நடத்தைப் பொருளியல் என்ற துறை வளர்ந்தது. கானமனுக்கு 2002இல் நோபல், தேலருக்கு 2017இல். யாரும் சீந்தாத ஒன்றின் மீது சின்னத் தொகையை முதலில் வைத்துப் பார்ப்பது அரசுக்குக் கடினம், அறக்கட்டளைக்கு எளிது.

வாசலில் நிற்கும்போது

நீங்களே கேட்கப் போகிறீர்கள் என்றால், வழக்கமான வரிசை இது: முதலில் ஒன்றிரண்டு பக்கத்தில் விசாரிப்புக் கடிதம், அது பிடித்தால் முழு புரொபோசல், பிறகு வெளி மதிப்பீட்டாளர்கள், கடைசியில் அறங்காவலர் கூட்டம். ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை இழுக்கும். இதில் நீங்கள் நேரில் பேசக்கூடிய ஒரே ஆள் புரோகிராம் ஆபிசர், அதாவது உங்கள் விண்ணப்பத்தைக் கவனிக்கும் அறக்கட்டளை அலுவலர். அவர் நீதிபதி அல்ல, பாதி வழக்கறிஞர். உள்ளே போய் உங்களுக்காக வாதாட வேண்டியவர் அவர்தான்.

என் முதல் கடிதத்தின் தலைப்பு "புலம்பெயர் தொழிலாளர்களின் சமூகப் பொருளாதார நிலை: ஓர் ஆய்வு". நிலைமை மோசம், காரணங்கள் இவை, தீர்வு இது என்று இரண்டு பக்கம் உருக்கமாக எழுதியிருந்தேன். அதைப் படித்த புரோகிராம் ஆபிசர் அம்மா போனில் பொறுமையாகக் கேட்டார்: "உங்களுக்குத்தான் விடை எல்லாம் முன்னாடியே தெரிஞ்சிருக்கே சார். அப்புறம் ஆராய்ச்சி எதுக்கு?" கோபம் வந்தது. அவர் சொன்னது சரி என்று புரிய ஒரு வாரம் ஆனது. மாற்றி எழுதிய தலைப்பு: "கூலி கையில் வராமல் வங்கிக் கணக்குக்குப் போகத் தொடங்கியபின், வீட்டுச் செலவை முடிவு செய்பவர் மாறுகிறாரா?" விடை ஆம் என்றும் வரலாம், இல்லை என்றும் வரலாம், எனக்கே தெரியாது. அதற்குத்தான் பணம்.

கடிதம் எழுதும் முன் அந்த அறக்கட்டளை கடந்த மூன்று ஆண்டுகளில் யாருக்கு, எதற்கு, எவ்வளவு கொடுத்தது என்று பார்த்துவிடுங்கள். முன்பு சொன்ன வரிப் படிவம் இங்கேதான் உதவும். இணையதளத்தில் எழுதியிருக்கும் கொள்கை விளக்கம் ஆசையைச் சொல்லும். படிவம் பழக்கத்தைச் சொல்லும். 20,000 டாலருக்கு மேல் கொடுத்தே பழகாத இடத்தில் இரண்டு லட்சம் கேட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம்.

பட்ஜெட்டில் ஓவர்ஹெட் என்று ஒரு வரி வரும். கட்டடம், மின்சாரம், நூலகம், கணக்குப் பிரிவு ஆகியவற்றுக்காகப் பல்கலைக்கழகம் எடுத்துக்கொள்ளும் பங்கு அது. பெரிய அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் அரசு நல்கையில் நேரடிச் செலவுக்கு மேல் 50 சதவீதமும் அதற்கு மேலும் ஓவர்ஹெட் வாங்குவதுண்டு. அறக்கட்டளைகள் வழக்கமாக 10, 15 சதவீதத்தோடு நிறுத்திக்கொள்ளும். ஒரு லட்சம் டாலர் ஆய்வென்றால் பல்கலைக்கழகம் எதிர்பார்த்தது 50,000, வந்தது 15,000. மீதி 35,000 அதன் தலையில். நல்கை கிடைத்த செய்தியோடு நீங்கள் துள்ளிக்கொண்டு போகும்போது நிதிப் பிரிவில் முகம் கொடுத்துப் பேசாததற்குக் காரணம் இதுவாக இருக்கலாம்.

கடைசியாக ஒப்பந்தம் வரும். பத்துப் பன்னிரண்டு பக்கம் இருக்கும். மகிழ்ச்சியில் யாரும் படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். வெளியீடு பற்றிய பிரிவை மட்டுமாவது படியுங்கள். "வெளியிடும் முன் அறக்கட்டளையின் தகவலுக்கு ஒரு படி அனுப்ப வேண்டும்" என்றிருந்தால் கவலை இல்லை. "ஒப்புதலுக்கு அனுப்ப வேண்டும்" என்றிருந்தால், அந்த ஒரு சொல்லை மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள். பெரும்பாலும் மாற்றித் தருவார்கள். மாற்ற மாட்டோம் என்றால் அது நல்கை அல்ல, கூலி வேலை. அப்படியென்றால் கூலிக்கு உண்டான தொகையைக் கேளுங்கள்.